எறும்புக்கும் ஒரு படி

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த மாதம் எங்கள் அலுவலகத் தபால் மேசை முழுக்கப் பூச்சி. இனிப்புப் பெட்டியைத் திறந்தால் கம்பளிப்புழு, செருப்பு டப்பாவைத் திறந்தால் வெட்டுக்கிளி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஓர் ஊசித்தட்டான். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் கடைசி மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் நாலு வரி போட்டிருந்தோம்: தோட்டத்திலும் தெருவிலும் உதிர்ந்து கிடப்பதை வைத்து ஒரு பூச்சி செய்து அனுப்புங்கள், இதற்கென்று கடையில் எதுவும் வாங்கக் கூடாது. ஏதோ கொஞ்சம் வந்தால் அடுத்த இதழில் ஒரு பக்கத்தை ஒப்பேற்றலாம் என்பது உதவி ஆசிரியரின் கணக்கு. இப்போது அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. அதிலும் பெட்டிகள்தான்.

எல்லாவற்றையும் பற்றி எழுத இடமில்லை. ஆனால் திருவையாறு பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அனுப்பிய எறும்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. காய்ந்த பப்பாளி விதை மூன்று. அவற்றைக் கோத்து நிறுத்த ஈர்க்கு. பூந்துடைப்பத்திலிருந்து உருவிய இழைகளில் ஆறு கால். கூடவே ஒரு கடிதம். “எங்க பாட்டி கொலுவுல மூணாவது படி எறும்புக்குன்னு சொல்றாங்க. ஆனா எங்க வீட்டு மூணாவது படியில செட்டியாரும் அவர் கடையும்தான் இருக்கு. எறும்பு பொம்மை வாங்கித் தாங்கன்னு கேட்டேன். எங்கயும் விக்கறது இல்லையாம். அதனால நானே ஒரு வரிசை செஞ்சுட்டேன். ஒண்ணு உங்களுக்கு.”

பாட்டி சொன்னது சரி. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் அளவைக் கொண்டு ஆறாகப் பிரிக்கிறது. புல்லும் மரமும் தொட்டால் உணரும் ஓரறிவு. சுவையும் சேர்ந்தால் ஈரறிவு. நத்தை, சிப்பி வகையறா. மூக்கும் வந்துவிட்டால் மூவறிவு. அங்கேதான் கறையானும் எறும்பும் வருகின்றன. கண்ணும் சேர்ந்த நான்கறிவுக்கு நண்டையும் தும்பியையும் சொல்கிறது. கொலுப்படிக்கு விளக்கம் சொல்லும் பெரியவர்கள் இந்த வரிசையைத்தான் கீழிருந்து மேலாக அடுக்குகிறார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் நன்றாகக் குனிந்து பார்த்திருக்கிறார். கறையான் புற்றில் வேலை செய்யும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் கண்ணே கிடையாது. எறும்பும் முன்னால் போனது விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் வரிசை போடுகிறது. அந்த வரிசையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தால் பின்னால் வருகிற எறும்பு தடுமாறுவதை நாம் எல்லோருமே சின்ன வயதில் செய்து பார்த்திருக்கிறோம்.

ஆனால் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, விளாச்சேரி, பண்ருட்டி என்று எங்கே போனாலும் தசாவதாரம் கிடைக்கும், கல்யாணக் கோஷ்டி கிடைக்கும், இப்போதெல்லாம் கிரிக்கெட் அணிகூடக் கிடைக்கும். எறும்பும் வண்டும் விற்று நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு படிகளும் நம் வீடுகளில் எப்போதோ வேறு பொம்மைகளுக்குக் கைமாறிவிட்டன. அவற்றைத் திருப்பி வாங்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டால் என்ன என்பதுதான் இந்தப் புரட்டாசி மாதத்து என் யோசனை. கொலு வைக்காத வீடுகளில் ஜன்னல் திட்டு போதும்.

வந்த பூச்சிகளில் நிறைய நாலுகால் பிராணிகள். இது நாங்கள் எதிர்பார்க்காத விஷயம். பூச்சி என்றால் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம், ஆறு கால், காலும் இறக்கையும் முளைப்பது நடுவிலிருக்கும் மார்பில் மட்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். ஆனால் கையில் ஈர்க்குத் துண்டை வைத்துக்கொண்டு இதை எங்கே செருகுவது என்று நிற்கும்போதுதான் தெரியாது என்பது தெரிகிறது. கோவையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பையன் செய்த கட்டெறும்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. வைத்தால் மூக்கு குப்புற விழுகிறது. கோபித்துக்கொண்டு கொல்லைக்குப் போனவன், குழாயடியில் வெகுநேரம் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறான். திரும்பி வந்து வயிற்றில் செருகியிருந்த கால்களைப் பிடுங்கி எல்லாவற்றையும் மார்பில் குத்தினான். முன் ஜோடி முன்னால் பார்க்க, பின் ஜோடி பின்னால் பார்க்க, நடு ஜோடி பக்கவாட்டில். எறும்பு நின்றுவிட்டது. “அது மூணு கால தூக்கி மூணு கால்ல நிக்குதும்மா” என்றானாம். உண்மைதான். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் ஒரே சமயத்தில் தரையில் ஊன்றும். அடுத்த அடிக்கு மற்ற மூன்று. முக்காலி ஆடுவதில்லை அல்லவா, அந்தக் கணக்குதான். பூச்சியியல் படிப்பவர்கள் கல்லூரியில் கற்பதைப் பையன் குழாயடியில் கற்றிருக்கிறான்.

அலுவலகத்தில் ஒரு சண்டையும் நடந்தது. காரணம், கோழிக்கொண்டைப் பூவின் சிவப்புத் துண்டில் ஒருவன் செய்த பட்டுப்பூச்சி. முதல் மழைக்குப் பிறகு செம்மண் தரையில் ஊர்ந்து வருமே, அந்த வெல்வெட்டு. சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியது. பூவைத் தேர்ந்தெடுத்ததற்கே பரிசு கொடுக்கலாம். அந்தச் சிவப்பும் மென்மையும் வேறு எதில் வரும்? ஆனால் அதற்கு எட்டுக் கால் வைத்திருந்தான். ஓவியர் பிழை என்றார், உதவி ஆசிரியர் இல்லை என்றார். உதவி ஆசிரியர் பக்கம்தான் நியாயம். பெயரில் பூச்சி இருந்தாலும் அது சிலந்திக்கு உறவு, உண்ணி இனம். குஞ்சாக இருக்கும்போது ஆறு கால்தான் இருக்கும், வளர்ந்தபின் எட்டு. ஓவியர் உடனே, தான் சொன்னது குஞ்சை என்றார்.

என் மேசையில் நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு சிறுமி செய்த தட்டான். உடம்பு மூங்கில் மிலாறு, கணு கணுவாக இருப்பதைப் பார்த்து எடுத்திருக்கிறாள். கண்கள் இரண்டும் தைலமரக் காய். தலையில் மிச்ச இடமே இல்லாதபடி பக்கத்தில் பக்கத்தில். நான்கு இறக்கையும் அரச இலையின் நரம்பு வலை. இறக்கை ஒவ்வொன்றின் நுனியிலும், முன்விளிம்பை ஒட்டி, ஒரே ஒரு கடுகு ஒட்டியிருந்தது. அழகுக்காக வைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குளத்தோரம் உட்கார்ந்திருக்கும் தட்டானை அருகில் போய்ப் பாருங்கள். நான்கு இறக்கையிலும் அதே இடத்தில் ஒரு கறுத்த புள்ளி இருக்கும். அந்தச் சிறு கண்ணறை மற்ற இடத்தைவிடக் கனமானது. இறக்கையை அசைக்காமல் மிதந்து வரும்போது விளிம்பு படபடக்காமல் அடக்கிவைப்பது அந்தக் கனம்தான். கடுகைத் தேர்ந்தெடுத்தவளுக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புள்ளி இருந்தது, வைத்தாள். கற்பனையைவிட இந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தட்டானைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மழைக்கு முன்னால் மைதானங்களில் மஞ்சள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் இவை திடீரென்று வந்து குவிகின்றன. தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். அந்தப் பவளத்தீவுகளில் குளம் குட்டை அரிது. அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் பல வருடம் கணக்கெடுத்துவிட்டு, இவை இந்தியாவிலிருந்து கிளம்பிக் காற்றின் போக்கில் கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009இல் எழுதினார். நம் பையன்கள் வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்கவைக்கும் தட்டானுக்கு இப்படி ஒரு பயணம் பாக்கி இருக்கிறது. தயவுசெய்து நூலைக் கட்டாதீர்கள்.

அந்த அரச இலை வலையை எப்படிச் செய்வது என்று இப்போதே கேட்பீர்கள். முற்றிய இலையாக, கிழியாததாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பழைய வாளியில் நீரூற்றி அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும். நாற்றமும் அடிக்கும், அவ்வப்போது நீரை மாற்றுங்கள். சதை குழைந்ததும் தட்டில் நீருக்குள்ளேயே வைத்துப் பழைய பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தேயுங்கள். சதை கரைந்து வலை நிற்கும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தினால் ஆயிற்று. அவசரக்காரர்களுக்கு வெங்காயச் சருகு இருக்கிறது. முருங்கை விதையிலும் மூன்று இறக்கை ஏற்கெனவே முளைத்திருக்கிறது.

பசைக்குச் சோறே போதும். கருவேலம் பிசின் இன்னும் உறுதி. வில்வக்காயை உடைத்தால் விதையைச் சுற்றி இருக்கும் பிசினையும் சிலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது காய்ந்தபின் கண்ணாடி மாதிரி நிற்கிறது.

இனி, கொஞ்சம் கண்டிப்பாக. வண்டு செய்வதற்கென்றே படைத்தது போன்ற விதைகள் நம் ஊரில் மூன்று இருக்கின்றன. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி. புள்ளியும் வரியுமாகப் பளபளக்கும் ஆமணக்கு. மஞ்சள் அரளியின் கொட்டை. மூன்றும் கொடிய விஷம். குன்றிமணி முழுசாக இருக்கும்வரை அதன் ஓடு விஷத்தை உள்ளே அடைத்து வைத்திருக்கும். கால் செருக ஊசியால் துளைத்தீர்களோ, அந்தக் காவல் போயிற்று. ஆமணக்கு விதையை மென்றுவிட்டால் ஆபத்து. அரளி இதயத்தைத் தாக்கும். எருக்கிலையைப் பறிப்பவர்கள் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த பெட்டிகளில் குன்றிமணிப் பொறிவண்டுகள் சில இருந்தன. அழகாகவே இருந்தன, ஆனால் அவற்றை நாங்கள் அச்சிடப் போவதில்லை. பார்த்து இன்னொரு குழந்தை செய்யும். பொறிவண்டுக்குப் பூசணி விதையை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் கரைத்துக் கொடுக்கும் ஆரத்தியில் தோய்த்தால் சிவந்துவிடும். புள்ளிக்கு அடுப்புக்கரி. இதில் வருவது குன்றிமணியைவிட நிஜமான பொறிவண்டின் நிறம்.

அப்பா செய்ததும் அம்மா செய்ததும் பெட்டியைத் திறந்தவுடனே தெரிந்துவிடுகிறது. இடமும் வலமும் மயிரிழை பிசகாமல் இருக்கும். சூடான பசைத் துப்பாக்கியின் நூல் தொங்கும். மினுமினுப்புத் தூள் தூவியிருக்கும். பள்ளிக்கூடத்துச் செய்முறை வேலைகள் நம்மை இப்படிப் பழக்கிவிட்டன. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, தெர்மாகோல் வாங்கி வந்து, குழந்தையைத் தூங்கச் சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்து செய்கிறோம். உங்கள் கைவண்ணத்தில் குறையில்லை. அப்பாக்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைக்கும் எண்ணம்கூட இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் மூன்று காலும் மறுபக்கம் இரண்டு காலுமாக, “ஒண்ணு பல்லி கடிச்சிருச்சு” என்ற விளக்கத்தோடு வந்த கரப்பான்பூச்சிக்குத்தான் இந்த இதழில் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

சாணிவண்டு அனுப்பிய தம்பி, உருண்டைக்கு அசல் சாணியையே உபயோகித்திருந்தான். நன்றாக உலர்ந்திருந்தது, புகார் ஒன்றுமில்லை. வண்டு புளியங்கொட்டை. அவனுக்காக ஒரு செய்தி. இந்த வண்டு உருண்டையை நேர்கோட்டில் உருட்டிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து மற்ற வண்டுகளிடம் பறிகொடுக்கும். நிலவு இல்லாத இரவில் எப்படி நேராகப் போகிறது? சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து மாரி டாக்கேயும் கூட்டாளிகளும் தென்னாப்பிரிக்காவில் வண்டுகளுக்குக் குட்டி அட்டைத் தொப்பி மாட்டி, வானத்தை மறைத்துப் பார்த்தார்கள். வழி தவறியது. ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குள்ளும் கொண்டுபோய் விட்டார்கள். பால்வெளியின் ஒளிப்பட்டையைப் பார்த்து அது திசை பிடிக்கிறது என்று 2013இல் வெளியிட்டார்கள். உருண்டையோடு ஒரு தொப்பியும் செய்யலாம், தம்பி.

பொன்வண்டு செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே திண்டாட்டம்: அந்தப் பச்சை. தீப்பெட்டிக்குள் கொன்றை இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்த தலைமுறைக்குத் தெரியும், அந்த நிறத்தை எந்த இலையும் தராது. ஏனென்றால் அது சாயமே இல்லை. இறக்கை உறையின் மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாகும் நிறம். அதனால்தான் வெளுப்பதும் இல்லை. 1888இல் லண்டன் மேடையில் ‘மேக்பத்’ நாடகத்தில் எல்லன் டெர்ரி அணிந்த உடையில் சுமார் ஆயிரம் பொன்வண்டு இறக்கைகளைத் தைத்திருந்தார்கள். அடுத்த வருடமே ஜான் சிங்கர் சார்ஜென்ட் அதை ஓவியமாக்கினார். அந்த உடை கென்ட் மாவட்டத்து வீடொன்றில் இன்றும் பச்சையாக மின்னிக்கொண்டிருக்கிறது. நாகர்கோவில் பக்கத்து அக்காவும் தம்பியும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: உதிர்ந்த மயிலிறகின் கண்ணைக் கத்தரித்துப் புங்கங்காய் மேல் ஒட்டியிருக்கிறார்கள். மயிலின் நிறமும் அதே வகைதான், ஒளி செய்யும் வேலை. சாயமில்லாத நிறத்துக்குச் சாயமில்லாத நிறம். இதை இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.

குழந்தைகளுக்கு முன்பே இந்தக் கலையில் இறங்கியவர்கள் பூச்சிகள்தாம். கருவேல மரத்தில் சின்னச் சுள்ளிக்கட்டு ஒன்று தொங்கும், தொட்டால் நகரும். ஓர் அந்துப்பூச்சியின் புழு, குச்சிகளை அளவாக நறுக்கித் தன் பட்டுநூலால் கட்டிச் செய்த வீடு அது, வீட்டோடுதான் மேயப் போகும். ஓடைகளின் அடியிலும் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு செய்யும் புழுக்கள் உண்டு. பிரான்சின் ஊபெர் டுப்ரா என்ற கலைஞர் 1980களில் அவற்றின் தொட்டியில் மணலுக்குப் பதில் தங்கத் துணுக்கையும் முத்தையும் போட்டார். புழுக்கள் சளைக்கவில்லை, தங்கத்தில் கூடு கட்டிக்கொண்டன. எனக்கென்னவோ சுள்ளிக்கட்டு வீடுதான் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதத்துக்கு ஒரு விண்ணப்பம். பூச்சியோடு அது தின்னும் செடியின் இலையையும் வைத்து அனுப்புங்கள். இந்த யோசனை என்னுடையது அல்ல. 1647இல் பிராங்பர்ட்டில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சி தானாக முளைக்கிறது என்று படித்தவர்களே நம்பிய காலம். அவர் முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும், தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். ஐம்பத்திரண்டாம் வயதில், 1699இல், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாம் போய், 1705இல் அந்நாட்டுப் பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூலாகவே வெளியிட்டார். எருக்கஞ்செடியை மட்டும் ஒரு நாள் பாருங்கள். மஞ்சளும் நீலமும் பட்டை பட்டையாகப் பூசிய வெட்டுக்கிளி அதில் இருந்தால் யாரோ வர்ணம் அடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதன் நிறமே அதுதான்.

செய்தது வாடிவிடுகிறதே என்று பலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வாடட்டும். வார்னிஷ் அடிக்க வேண்டாம். எங்களிடம் வந்தவற்றைப் படம் எடுத்துவிட்டோம். சோற்றுப்பசை இருந்த பெட்டிகளில் அசல் எறும்புகள் வந்து சேர்ந்துவிட்டன. அலமாரியிலிருந்து இராமபாணமும் எட்டிப் பார்க்கிறது. திருவையாற்றுப் பப்பாளி விதை எறும்பை மட்டும் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நவராத்திரிக்கு எங்கள் வீட்டு மூன்றாம் படிக்குப் போகிறது.

கடைசியாக, பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் விடை இல்லை. மண்குளவிக்கு இடுப்பு செய்வது எப்படி? சுவிட்சுப் பலகைக்குப் பின்னாலும் சுவாமி படத்துக்குப் பின்னாலும் மண்ணுருண்டை சுமந்து வந்து கூடு கட்டுமே, அந்தக் குளவி. கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்பது பாட்டி கதை. அது உள்ளே அடைப்பது கொட்டி மயக்கிய சிலந்திகளை, குஞ்சுக்குச் சாப்பாடாக. வளர்ந்த குளவிக்கு மட்டும் பூந்தேன் மாதிரி நீராகாரம்தான், அந்த இடுப்பு வழியே திடமாக எதுவும் இறங்காது. அவ்வளவு மெலிசு. ஈர்க்கு வைத்தால் தடிமனாகத் தெரிகிறது, வாழைநார் வைத்தால் வயிறு தொங்கிப்போகிறது, பூந்துடைப்ப இழை கனம் தாங்காமல் ஒடிகிறது. வந்த குளவிகள் அத்தனையும் இடுப்பில் ஒடிந்துதான் வந்து சேர்ந்தன. யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். வயதைக் குறிப்பிட மறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்